தேயிலை ஸ்டோர் ஹீட்டரில் குறைந்த விறகில் கூடிய சூடு எடுப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரோலரில் உருட்டிப் புளிக்கவைத்த கொழுந்து, அதை உலர்த்தும் ட்ரையருக்குள் போய் ஒரு கிலோ தேயிலையாக வெளியே வரும்போது, அதிலிருந்து சுமார் 1.3 கிலோ தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கத் தேவையான வெப்பம் முழுவதும் கால் கிலோ காய்ந்த விறகுக்குள் அடங்கிவிடும். ஆனால் இலங்கை மலையகத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ விறகு சாதாரணமாக எரிகிறது. இடையில் இருப்பது எல்லாமே வீண் என்று சொல்ல முடியாது. கொழுந்தை வாட்டும் தொட்டிக்கும் சூடு போகிறது, ட்ரையரிலிருந்து வெளியேறும் காற்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் போகும். இருந்தாலும் ஒரு நல்ல பங்கு ஈர விறகிலும், கரி படிந்த குழாயிலும், புகைபோக்கியிலும் போய்த் தொலைகிறது. அந்தப் பங்கை மீட்கப் புது மெஷின் வாங்க வேண்டியதில்லை. தராசு, வெப்பமானி, கம்பித் தூரிகை, ஒரு கொப்பி ஆகியவற்றோடு தொடங்கலாம்.

ட்ரையருக்குப் போகும் காற்றைச் சூடாக்குவதை, அதாவது பொறியியல் புத்தகத்தில் வெப்பப் பரிமாற்றி என்று எழுதியிருப்பதைத்தான், ஸ்டோரில் ஹீட்டர் என்றும் ஸ்டவ் என்றும் சொல்கிறோம். விறகு எரிக்கும் ஹீட்டர்தான் இங்கே பேச்சு. கொதிகலன் வைத்து நீராவியில் காற்றைச் சூடாக்கும் ஸ்டோர்களுக்குப் பிற்பகுதியில் ஒரு குறிப்பு உண்டு.

முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள்

அடுப்பு அணைந்து ஆறியிருக்கும் நாளில் ஹீட்டரைச் சுற்றி வந்து இரண்டு பாதைகளைத் தாளில் வரையுங்கள். ஒன்று புகையின் பாதை. அது அடுப்பிலிருந்து குழாய்க்கட்டுக்குள் போய், ஒரு முறையோ இரண்டு மூன்று முறையோ திரும்பி, புகைபோக்கிக்குப் போகும். மற்றது சுத்தமான காற்றின் பாதை. வெளியிலிருந்து வந்து, குழாய்களுக்கு வெளிப்புறமாக ஓடி, பெரிய விசிறி வழியாக ட்ரையருக்குப் போகும். சில ஹீட்டர்களில் இது தலைகீழாக இருக்கும், புகை வெளியே, காற்று குழாய்க்குள்ளே. எங்கே கரி படியும், எங்கே தேயிலைப் பஞ்சு (காற்றில் மிதக்கும் தேயிலை நார்த்தூசு) படியும் என்பது இதைப் பொறுத்துத்தான். அதனால் பக்கத்துத் தோட்டத்து ஹீட்டரைப் பார்த்து ஊகிக்காதீர்கள்.

விசிறி எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்கும் ட்ரையருக்கும் நடுவில் நின்றால், அது ஹீட்டரின் காற்றுப் பக்கத்தை உறிஞ்சுகிறது என்று பொருள். அப்படியானால் ஒரு குழாயில் விரிசல் விழுந்தாலும் புகை தேயிலைக்குள் வந்துவிடும்.

இரும்பு தடுப்பதில்லை

புதிதாக வருகிறவர்கள் பலரும் குழாயின் தடிப்பு குறைந்தால் அல்லது நல்ல உலோகம் போட்டால் சூடு கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் விஷயம் வேறு. புகைக்கும் காற்றுக்கும் இடையில் வெப்பம் கடக்க வேண்டிய தடைகளை ஒரே அலகில் வரிசையாக வைப்போம். குழாயின் உட்சுவரை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய புகைப்படலத்துக்கு ஏறத்தாழ 40. வெளிச்சுவரை ஒட்டிய காற்றுப்படலத்துக்கு 33. நான்கு மில்லிமீட்டர் இரும்புக்கு 0.1 கூட இல்லை. ஒரு மில்லிமீட்டர் கரிக்கு 10.

அதாவது சுத்தமான குழாயின் மொத்தத் தடை 73. மூன்று மில்லிமீட்டர் கரி படிந்தால் அது 103 ஆகிறது. அதே அடுப்பு, அதே காற்று, ஆனால் கடக்கும் வெப்பம் கிட்டத்தட்ட 30% குறைந்துவிடும். குறைந்ததை ஈடுகட்ட அடுப்பு பார்ப்பவர் இன்னும் விறகைத் தள்ளுவார். புகை இன்னும் சூடாகும், புகைபோக்கி வழியே இன்னும் கூடுதலாக வெளியே போகும், குழாயின் முன்பகுதி சிவந்து வளையும். விறகு கூட்டினால் சூடு கூடும் என்பது ஒரு அளவு வரைக்கும்தான் சரி. கரி படிந்த ஹீட்டரில் கூடுதல் விறகு புகைபோக்கியைத்தான் சூடாக்குகிறது.

மலைக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. தலவாக்கலை போல 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட 13% அளவு குறைவு. நுவரெலியாவின் 1,868 மீட்டரில் 20% குறைவு. விசிறி ஒரே கன அளவு காற்றைத்தான் தள்ளும், ஆனால் அதில் எடை குறைவு. படலத்தைக் கிழித்துக்கொண்டு வெப்பத்தை வாங்கும் திறனும் 10 முதல் 16% வரை குறைகிறது. புகைபோக்கியின் இழுவையும் அப்படியே. தாழ்நிலத்து அளவில் செய்த ஹீட்டரை மலையில் நிறுத்திவிட்டு, தகட்டில் எழுதியிருக்கும் கொள்ளளவு ஏன் கிடைக்கவில்லை என்று அடுப்பு பார்ப்பவரிடம் கேட்பது நியாயமில்லை.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், அளந்து மட்டும் வையுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இதுதான். அளக்காமல் துடைத்தாலும் திருத்தினாலும், என்ன பலன் கிடைத்தது என்று பெரிய துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது.

கொப்பியில் மணிக்கு ஒரு தரம் எழுத வேண்டியவை: ஹீட்டருக்குள் போகும் காற்றின் வெப்பநிலை, ட்ரையருக்குள் நுழையும் சூட்டுக் காற்று, ட்ரையரிலிருந்து வெளியேறும் காற்று, புகைபோக்கி அடியில் புகையின் சூடு, அந்த மணியில் போட்ட விறகின் எடை. ஷிப்ட் முடிவில் எத்தனை கிலோ தேயிலை இறங்கியது என்பதும் வேண்டும். விறகை, அடுக்கின் கன அளவைச் சொல்லும் யார்டு கணக்கில் எழுதினால் போதாது. அடுக்கிய விறகில் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு ஈரம் என்று யாருக்கும் தெரியாது. கொழுந்து நிறுக்கும் தராசிலேயே தள்ளுவண்டியோடு நிறுத்து, வெறும் வண்டியின் எடையைக் கழியுங்கள்.

புகையின் சூட்டை அளக்கக் கே வகை தெர்மோகப்பிள் (அதிக சூட்டை அளக்கும் கம்பி வெப்பமானி) ஒன்று வாங்குங்கள். ஹீட்டரிலிருந்து புகை வெளியேறும் இடத்துக்கு அருகில் துளையிட்டு, முனை குழாயின் நடுவில் நிற்கும்படி சொருகி, துளையைச் சுற்றிக் களிமண்ணால் அடையுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றால் 50, 60 பாகை குறைத்துக் காட்டிவிடும்.

இருக்கிற டயல் வெப்பமானிகளை நம்பும் முன் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். ஆனால் 100 பாகையை எதிர்பார்க்காதீர்கள். தலவாக்கலை உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 96 பாகையிலும் நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதிக்கும். நுவரெலியாவில் 100 காட்டும் வெப்பமானி 6 பாகை பிழையானது. பழைய டயல்கள் பாரன்ஹீட்டில் இருக்கும்: 200 என்றால் 93 பாகை செல்சியஸ், 130 என்றால் 54. இங்கே நாம் எழுதும் பாகை எல்லாம் செல்சியஸ்தான்.

சங்கிலித் தட்டு ட்ரையருக்குள் போகும் காற்று 90 முதல் 100 பாகை, வெளியேறுவது 52 முதல் 57 பாகை என்பது வழக்கமான அளவு. வெளியேறும் காற்று 50-க்குக் கீழே விழுந்தால் தேயிலை வெந்த வாடை அடிக்கும். உள்ளே போவதை அளவுக்கு மேல் ஏற்றினால் மேற்புறம் சட்டென்று காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் தங்கிவிடும். அப்படிப்பட்ட தேயிலை பெட்டிக்குள் போன பிறகுதான் கெடும். ஆகவே ஹீட்டரில் எதைத் திருத்தினாலும் ட்ரையருக்குள் போகும் சூடு அதே இடத்தில் நிற்க வேண்டும், விறகு மட்டும் குறைய வேண்டும்.

விறகு

மிச்சம் பிடிப்பதில் பாதி இங்கேதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. எடையில் பாதி தண்ணீராக இருக்கும் பச்சை விறகில் கிலோவுக்கு 8 மெகாஜூல் அளவே பயன்படும் வெப்பம். அதே விறகு 20% ஈரத்துக்குக் காய்ந்தால் 14 மெகாஜூலுக்கு மேல். கூடவே ஈர விறகின் சுவாலை சூடு குறைந்தது, புகை கூடியது. குழாயில் தார் படிவதும் அதனால்தான்.

கணக்காகவே பார்ப்போம். விநாடிக்கு 5 கிலோ காற்றை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக 400 கிலோவாட் வேண்டும். காய்ந்த விறகும் 60% திறனும் இருந்தால் மணிக்கு 170 கிலோ விறகு போதும். பச்சை விறகில் திறனும் 50% ஆக இறங்கிவிடும், அப்போது 360 கிலோ வேண்டும். ஒரே ட்ரையர், ஒரே தேயிலை, இரண்டு மடங்குக்கு மேல் விறகு.

காயவைப்பது இப்படி. யூக்கலிப்டஸோ இறப்பர் விறகோ, மூன்று நான்கு அங்குலத் தடிப்புக்கு மேல் இருந்தால் பிளந்துவிடுங்கள். பிளக்காத உருளைக் கட்டை பட்டையோடு மாதக்கணக்கில் கிடந்தாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். நீளம் அடுப்புத் தட்டியின் (விறகு கிடந்து எரியும் கம்பித் தட்டின்) நீளத்தை விட அரை அடி குறைவாக இருக்கட்டும். தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, இரண்டு வரிசைக்கு இடையில் ஒரு அடி விட்டு, காற்று வரும் பக்கம் திறந்த கொட்டிலில் அடுக்குங்கள். மேலே தகரம் போதும். நான்கு பக்கமும் தகரம் அடித்த கொட்டிலுக்குள் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

மாதக் கணக்கும் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, டிக்கோயா பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் வெயிலில் பிளந்து அடுக்கியதுதான் மழைக்காலத்துக்கு உதவும். பதுளை, பண்டாரவளை பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரட்சிக் காற்று அடிக்கும், அங்கே அதுதான் காயவைக்கும் பருவம். மூன்று மாத விறகாவது கையிருப்பில் இருக்க வேண்டும், முதலில் வந்தது முதலில் எரிய வேண்டும். லொறியில் வந்ததை அப்படியே அடுப்படியில் இறக்கும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

ஈரம் பார்க்கும் விதம்: கொட்டிலின் நடு வரிசையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, அதன் மத்தியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, உடனே நிறுங்கள். 1,000 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய சிம்புகளாகச் சீவி, 100 பாகை அளவில் சூடான இடத்தில் எடை மாறாமல் நிற்கும் வரை வைத்து மீண்டும் நிறுங்கள். 780 கிராம் என்றால் ஈரம் 22%. எரிக்கலாம். 600 என்றால் அந்த வரிசையைத் தொடாதீர்கள்.

எரிக்கும் முறை

அரை மணிக்கு ஒரு தரம் வாய் நிறைய அடைக்காமல், எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கொஞ்சமாகப் போட வேண்டும். நிறைய அடைத்தால் முதலில் புகை மண்டும், பிறகு கொழுந்துவிட்டு எரியும், கடைசியில் தட்டி வெறுமையாகி ஓட்டை வழியே குளிர்காற்று ஏறும். ட்ரையர் சூடும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். தட்டி முழுவதும் ஒரே சீராக விறகு மூடியிருக்கட்டும். கதவைத் திறந்து, போட்டு, உடனே மூடுங்கள்.

எரிவதற்குத் தேவையானதற்கு மேல் உள்ளே நுழையும் காற்று எல்லாம் சூட்டைச் சுமந்துகொண்டு புகைபோக்கியில் போகும். புகை 250 பாகையில் வெளியேறும்போது, தேவைக்கு மேல் பாதிக் காற்று கூடுதலாக இருந்தால் விறகின் வெப்பத்தில் 14, 15% அப்படிப் போகும். தேவையைப் போல் மூன்று மடங்கு காற்று நுழைந்தால் 27% போகும். வாயுமானி கிடைத்தால் புகையில் ஒட்சிசன் 6 முதல் 8% நிற்கும்படி சாம்பல் கதவையும் புகைபோக்கித் தடுப்புத் தகட்டையும் சரிசெய்யுங்கள். கருவி இல்லாவிட்டால் கண்தான் அளவு. பளிச்சென்ற மஞ்சள் சுவாலையும் புகைபோக்கி முனையில் லேசான சாம்பல் நிறப் புகையும் இருந்தால் சரி. கறுப்பாகப் புகைந்தால் காற்று போதாது. புகையே தெரியாமல், அடுப்பு இரைந்துகொண்டு எரிந்தும் ட்ரையரில் சூடு ஏறவில்லை என்றால் காற்று அதிகம்.

காற்று கதவு வழியாக மட்டும் நுழைவதில்லை. எரியும் அடுப்பின் கதவோரம், செங்கல் இடுக்கு, சுத்தம் செய்யும் மூடி எல்லாவற்றின் அருகிலும் மெழுகுவர்த்தியைக் கொண்டுபோங்கள். சுவாலை உள்ளே வளையும் இடமெல்லாம் ஓட்டை. இடுக்குகளைத் தீக்களிமண்ணால் பூசுங்கள். கதவுக்கும் மூடிக்கும் பீங்கான் நார்க் கயிறு வையுங்கள். பழைய ஹீட்டரில் அஸ்பெஸ்டஸ் கயிறு இருந்தால் கையால் பிய்த்து உதறாதீர்கள். நனைத்து, முகமூடி கட்டி எடுத்து, பையில் கட்டி வையுங்கள்.

குழாய் துடைத்தல்

எப்போது துடைப்பது என்பதைப் புகைபோக்கி வெப்பமானியே சொல்லும். நன்றாகத் துடைத்த மறுநாள், வழக்கமான வேகத்தில் ட்ரையர் ஓடும்போது காட்டும் அளவைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். 220 என்று வைத்துக்கொள்வோம். அது 260-ஐத் தொட்டால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது. நல்ல விறகில் வாரம் ஒரு தரம் போதும். மழைக்கால விறகில் வாரம் இரண்டு தரம் வேண்டியிருக்கும். புகையில் கூடும் ஒவ்வொரு 16 பாகைக்கும் ஏறத்தாழ 1% விறகு வீண். காற்று அதிகமாக ஓடும் அடுப்பில் 12 பாகைக்கே 1%.

அடுப்பை முந்தின நாள் இரவே ஆறவிடுங்கள். விசிறி மோட்டரின் சுவிட்சை அணைத்து, பியூஸைக் கழற்றி, கழற்றியவரின் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். ஆள் உள்ளே இருக்கும்போது யாரோ விசிறியைப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. புகைத் தடுப்புத் தகட்டை முழுவதும் திறந்து ஒரு மணி நேரம் காற்றோட விடுங்கள். கண்ணாடி, சாம்பல் தூசுக்கான முகமூடி, கையுறை மூன்றும் கட்டாயம். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, வாயில் துணியைக் கட்டி ஆளை உள்ளே அனுப்பும் வழக்கம் இனிமேலும் வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சில்தான் போய்ப் படியும்.

மூடிகளைத் திறந்ததும் தூரிகையை எடுக்காதீர்கள். முதலில் படிவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக, மை போல மெதுவாக, விரல் ரேகைக்குள் இறங்கினால் அது கரி. அடுப்புக்குக் காற்று போதவில்லை. வெள்ளைச் சாம்பல் நிறத்தில் மாவாக உதிர்ந்தால் பறந்து வந்த சாம்பல். இழுவை அதிகம், அல்லது பட்டை, சுள்ளி, குப்பை அதிகம். பளபளவென்று, பழைய கீல் பூச்சைப் போல ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இருந்தால் தார். விறகு ஈரம், புகை குறைந்த சூட்டில் ஓடுகிறது. அடுப்பு வாய்க்குக் கிட்டே உள்ள குழாய் முனையில் கண்ணாடி போல உருகி இறுகியிருந்தால் சாம்பல் உருகிய கட்டி. அங்கே சூடு மிஞ்சியிருக்கிறது. அந்த வாரம் விறகும் அடுப்பும் எப்படி இருந்தன என்ற முழுக் கதையும் இந்த விரல் நுனியில் இருக்கிறது. அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

தூரிகை குழாயின் உள்விட்டத்தை விட 2 மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். தேய்ந்து சிறுத்த தூரிகை கரியின் மேல் பாதை போட்டுக்கொண்டு போகும், எடுக்காது. ஒரு முனையில் தள்ளி மறுமுனை வரை கொண்டுபோய், பிறகே திரும்ப இழுங்கள். நடுக்குழாயில் திசை மாற்றினால் கம்பி மடங்கிச் சிக்கிக்கொள்ளும். மேல் வரிசையில் தொடங்கிக் கீழே வாருங்கள். துடைத்த ஒவ்வொரு குழாய் வாயிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் எதுவும் தப்பாது. ஒரு முனையில் டார்ச் லைட்டை வைத்து மறுமுனையில் பார்த்தால், குழாய் வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் அடியில் சாம்பல் கிடக்கிறது.

தார் தூரிகைக்கு வராது. நன்கு காய்ந்த விறகில் சில மணி நேரம் சூடாக, ஆனால் நிதானமாக எரித்தால் அது வறண்டு செதிலாகும். ஆறவிட்டு, சுரண்டியால் எடுத்து, பிறகு தூரிகை போடுங்கள். அந்த நேரத்தில் புகைபோக்கித் தார் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் புகை வெப்பமானியை விட்டு ஆள் நகரக்கூடாது. சூட்டோடு தண்ணீர் அடிப்பதோ, குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதோ வேண்டவே வேண்டாம். வார்ப்பிரும்பு வெடிக்கும், சாம்பலோடு சேர்ந்த தண்ணீர் காரநீராகிக் கையைத் தின்னும்.

குழாய் முடிந்ததும், புகை திரும்பும் அறைகளின் அடியில் குவிந்த சாம்பலையும் அள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் கீழ் வரிசைக் குழாய்கள் இரண்டு நாளில் மறுபடி அடைபடும்.

காற்றுப் பக்கம்

ஸ்டோருக்குள் மிதக்கும் தேயிலைப் பஞ்சு ஹீட்டரின் காற்று வாயில் வலையில் கம்பளி போலப் படியும். தினமும் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். உள்ளே குழாய்களுக்கு இடையில் படிந்தால் மாதம் ஒரு தரம் அழுத்தக் காற்றால், காற்று ஓடும் திசைக்கு எதிராக ஊதுங்கள். சூடான குழாயில் பஞ்சு கருகும் வாடை தேயிலையில் ஏறும், நெருப்பும் பிடிக்கலாம்.

குழாய்களுக்கு நடுவே காற்றை வளைத்து ஓட வைக்கும் தடுப்புத் தகடுகள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்தால் காற்று குறுக்குவழியில் ஓடிவிடும், பாதிக் குழாய்க்கு வேலையே இருக்காது. சூட்டுக் காற்றுக் குழாயின் இரு ஓரங்களிலும் வெப்பமானி வைத்து, 10, 15 பாகை வித்தியாசம் தெரிந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

ஹீட்டரிலிருந்து ட்ரையர் வரை வரும் தகரக் குழாய்க்கு உறை இல்லாவிட்டால், 100 பாகை காற்று ஓடும்போது ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் கிட்டத்தட்ட 0.9 கிலோவாட் போகிறது. 50 மில்லிமீட்டர் ராக்வூல் சுற்றி மேலே தகரம் போட்டால் 0.07-க்குக் கீழே இறங்கும். 10 சதுர மீட்டர் திறந்திருந்தால் மேலே சொன்ன 400 கிலோவாட்டில் 2% அங்கேயே போய்விடுகிறது.

சுருள் பட்டி

புகைப்படலம்தான் பெரிய தடை என்று பார்த்தோம். குழாய்க்குள் முறுக்கிய இரும்புப் பட்டியைச் சொருகினால் புகை சுழன்று ஓடி அந்தப் படலம் மெலிகிறது. 50 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய்க்கு 44 முதல் 46 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிப்பு, 25 சென்டிமீட்டருக்கு ஒரு முழு முறுக்கு என்று லேத்துக்காரரிடம் சொல்லிச் செய்விக்கலாம். கையால் இழுத்தால் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் துடைக்க முடியாது.

கடைசித் திருப்பத்தில், புகை 400 பாகைக்குக் கீழே இறங்கிய குழாய்களுக்கு மட்டும் போடுங்கள். முன் குழாய்களில் போட்டால் பட்டி எரிந்து வளைந்து சிக்கும். இன்னொரு நிபந்தனை, புகையை இழுக்க விசிறி இருக்க வேண்டும். வெறும் புகைபோக்கி இழுவையில் ஓடும் அடுப்புக்கு, அதுவும் மலையில், இது ஒத்துவராது. அடுப்பு வாய் வழியாகவே புகை திரும்பும். ஈர விறகு எரிக்கும் வரையில் இதை நினைக்கவும் வேண்டாம். தார் பட்டியையும் குழாயையும் சேர்த்து ஒட்டிவிடும்.

புகை வாடை

தேயிலையில் புகை வாடை என்றால் அன்றே அடுப்பை நிறுத்திப் பாருங்கள். அடுப்பு எரியும்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஈரமான வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டி, சூட்டுக் காற்றுக் குழாயின் பார்க்கும் துளையில் பத்து நிமிடம் பிடியுங்கள். துணியில் கறுப்பு ஏறினாலோ முகர்ந்தால் புகை நாற்றம் அடித்தாலோ ஓட்டை இருக்கிறது. ஆறிய பிறகு இருட்டில் காற்றுப் பக்கம் டார்ச் லைட்டை வைத்து, குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வார்ப்பிரும்புக் குழாயைச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்லது மணி போல ஒலிக்கும், விரிந்தது செத்த சத்தம் கொடுக்கும். ஓட்டைக் குழாயை மாற்றும் வரை இரு முனையையும் இரும்பு மூடியால் அடைத்து ஓட்டலாம். பத்தில் ஒன்றுக்கு மேல் அடைத்துவிட்டால் ஹீட்டரின் பரப்பே குறைந்துபோகும், பிறகு தள்ளிப்போடக்கூடாது.

நீராவி ஹீட்டர் உள்ளவர்களுக்கு

அங்கே கரி இல்லை, ஆனால் குழாயின் சிறகுகளுக்கு இடையில் பஞ்சு படிவது அதே வேலையைச் செய்யும். அடுத்து ஸ்டீம் ட்ராப், அதாவது நீராவியை விடாமல் குளிர்ந்த தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு. நீண்ட திருப்புளியின் நுனியை அதில் வைத்துப் பிடியைக் காதில் வையுங்கள். விட்டுவிட்டு ஒலித்தால் சரி, இடைவிடாமல் சீறினால் நீராவி வீணாக ஓடுகிறது, சத்தமே இல்லாமல் குளிர்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கி ஹீட்டரின் பாதி வேலை செய்யவில்லை. காலையில் முதலில் காற்றை வெளியேற்றும் வால்வைத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள்.

மூட்டுவதும் அணைப்பதும்

குழாய் வெடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டு நேரத்திலும்தான். இரண்டரை மீட்டர் உருக்குக் குழாய் 400 பாகை ஏறினால் 12 மில்லிமீட்டர் நீளும். ஒரேயடியாகச் சூடேற்றினால் அந்த நீட்சி, குழாய்கள் பொருந்தியிருக்கும் முனைத் தகட்டைப் பிய்க்கும். காலையில் சிறு விறகில் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் மெல்ல ஏற்றுங்கள், அடுப்பை மூட்டும்போதே பெரிய விசிறியைப் போட்டுவிடுங்கள். மாலையில் கடைசித் தேயிலை இறங்குவதற்கு அரை மணி முன்பே விறகை நிறுத்தலாம், தணலில் இருக்கும் சூடே மிச்சத்தைக் காயவைக்கும். அடுப்பு அணைந்த பிறகும் சூட்டுக் காற்று 60 பாகைக்குக் கீழே இறங்கும் வரை விசிறி ஓட வேண்டும். மின்கட்டணத்தை நினைத்து உடனே நிறுத்தினால், வெப்பத்தை வாங்க ஆளில்லாமல் குழாய் தானே சிவந்து தொய்யும்.

கரண்ட் போனால் செய்ய வேண்டியதை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். விறகு போடுவதை நிறுத்தி, சாம்பல் கதவை அடையுங்கள். புகை நேராகப் புகைபோக்கிக்குப் போகும் பக்கவழித் தகடு இருந்தால் திறவுங்கள். காற்றுப் பக்கத்து மூடியைத் திறந்துவிட்டால் சூடான காற்று தானாகவே மேலேறிக் கொஞ்சம் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஐந்து நிமிடத்தில் ஜெனரேட்டர் வராவிட்டால் எரியும் விறகை இரும்பு வண்டிக்கு இழுத்து வெளியே கொண்டுபோங்கள். தண்ணீர் தெளிப்பதென்றால் அங்கே வெளியேதான், அடுப்புக்குள் ஒரு சொட்டும் கூடாது. கரண்ட் திரும்பியதும் காற்றுத் தகட்டைக் கால்வாசி மட்டும் திறந்து விசிறியைப் போடுங்கள். குழாயின் சிவப்பு மறைந்த பிறகு மெல்லத் திறந்துகொண்டு போகலாம்.